பெயர், பட்டியல், துறை: ஓர் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கைச் சரியாக எடுப்பது எப்படி?

படிவத்தில் மூன்று கட்டங்கள் இருக்கும்: மொத்தக் கட்டுரைகள், மொத்த மேற்கோள்கள் (பிறர் தம் கட்டுரைகளில் நம் கட்டுரையை எத்தனை முறை ஆதாரமாகக் காட்டினார்கள் என்ற எண்ணிக்கை), எச்-இன்டெக்ஸ் (இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஓர் எண்; கணக்கு ஐந்தாம் படியில்). சேலத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை செய்யும் எனக்கு இந்தக் கட்டங்கள் நன்கு பழக்கமானவை. பதவி உயர்வு, ஆய்வு நெறியாளர் அங்கீகாரம், திட்ட நிதி என்று ஏதோ ஒன்றுக்காக ஆசிரியர்கள் அந்தப் படிவத்தோடு என் மேசைக்கு வருவார்கள். “கூகுளில் பார்த்துப் போட்டுவிடலாமா, மேடம்? நாளை கடைசி நாள்” என்பார்கள்.

போட்டுவிடலாம்தான். ஆனால் அப்படிப் போட்ட எண்களை ஒரு தேர்வுக் குழு என்ன செய்தது என்பதை நான் அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். சேர்வராயன் மலையில் செடி செடியாகத் தேடி நடந்த தாவரவியலார் ஒருவர், கணித ஆசிரியை ஒருவர், நானோ பொருள்களில் வேலை செய்யும் வேதியியலார் ஒருவர் ஆகிய மூவரின் எச்-இன்டெக்ஸையும் ஒரே தாளில் இறங்குவரிசையில் எழுதினார்கள். வேதியியலாருக்கு 21, தாவரவியலாருக்கு 6, கணித ஆசிரியைக்கு 5. ஐந்து நிமிடத்தில் முடிவு வந்துவிட்டது. தாவரவியலாரின் கட்டுரைகளில் பாதி வேறு பெயரில் கிடந்தன என்பதையும், கணிதத்தில் 5 என்றால் என்ன பொருள் என்பதையும் அங்கே ஒருவரும் கேட்கவில்லை. அந்தத் தாள் இன்றுவரை என் மனத்தை உறுத்துகிறது. அந்த மூவரையும் நினைவில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிசெய்ய வேண்டும். அடுத்து பட்டியல். அதன் பிறகே எண். எடுத்த எண்ணை அந்தந்தத் துறையின் தரையிலிருந்து அளக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் கணக்கு கெட்டுவிடும். இதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கிக்கொள்ளுங்கள். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் பதிந்துவைக்கும் ஸ்கோபஸ் என்ற தரவுத்தளத்தில் திருத்தங்கள் நடைமுறைக்கு வர நாள் பிடிக்கும். ஆகவே கடைசித் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குவது நல்லது.

முதல் படி: பெயர்

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. வெளிநாட்டுத் தரவுத்தளங்கள் அது இல்லாமல் இயங்காது. சிக்கல் முழுவதும் இங்கேதான் பிறக்கிறது.

செந்தில்குமார் என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். தந்தை பெயர் ராமசாமி. முதல் கட்டுரையில் “ஆர். செந்தில்குமார்” என்று அச்சாகியிருக்கும். அடுத்த இதழ் குடும்பப் பெயர் கேட்டதால் பெயரை இரண்டாக உடைத்துக் கொடுத்திருப்பார், அங்கே “எஸ். குமார்” ஆகி, வட இந்தியாவின் ஆயிரக்கணக்கான குமார்களோடு கலந்துவிட்டிருப்பார். பாஸ்போர்ட் எடுத்த பிறகு தலைப்பெழுத்தை விரித்து “செந்தில்குமார் ராமசாமி” என்று எழுதத் தொடங்கியிருப்பார். தரவுத்தளம் அதை “எஸ். ராமசாமி” என்று சுருக்கும். ஆய்வுக் கட்டுரை எதையும் பார்த்திராத தந்தையின் பெயரில் மகனின் பத்துக் கட்டுரைகள் பதிவாகிவிடும். இப்படி ஒரே ஆளுக்கு நான்கு ஆசிரியர் எண்கள் (கட்டுரை எழுதியவருக்குத் தரவுத்தளம் தரும் அடையாள எண்கள்) உருவாகியிருப்பதை ஸ்கோபஸில் நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

பெண்களுக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. திருமணத்துக்கு முன் தந்தையின் தலைப்பெழுத்து, பின் கணவரின் தலைப்பெழுத்து. கணித ஆசிரியையின் முனைவர் பட்டக் கட்டுரைகள் மூன்றும் பழைய எழுத்தில் இருந்தன. அவற்றில் ஒன்றுதான் அவருடைய கட்டுரைகளிலேயே அதிகம் மேற்கோள் பெற்றது. அது கணக்கில் வரவே இல்லை. மூத்த ஆசிரியர்களிடம் ஊர்ப்பெயர், தந்தை பெயர் என்று இரண்டு தலைப்பெழுத்துகள் இருக்கும். ஒன்று சில இடங்களில் உதிர்ந்திருக்கும். ஆங்கிலத்தில் எழுதும்போது லட்சுமியும் தமிழும் எழிலும் எத்தனை விதமாக எழுத்துக்கூட்டப்படும் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆகவே கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். உங்கள் கட்டுரைகளின் முதல் பக்கங்களைப் புரட்டி, அச்சான பெயர் வடிவங்கள் ஒவ்வொன்றையும் அப்படியே எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதினால் ஒன்றிரண்டு தவறிப்போகும். எழுதி முடித்ததும், இனி எல்லாக் கட்டுரைகளுக்கும் ஒரே வடிவம் என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். என் பரிந்துரை: பெயரை உடைக்காமல் முழுமையாக வைத்து, தந்தையின் பெயரை விரித்து எழுதி, குடும்பப் பெயர்க் கட்டத்தில் உங்கள் சொந்தப் பெயரை வையுங்கள். அப்போது சுருக்கினாலும் உங்கள் பெயர் நிற்கும்.

பிறகு ஆர்கிட் எண் வாங்குங்கள். இது 2012 அக்டோபரில் தொடங்கிய இலவச அடையாள எண். 16 இடங்கள் கொண்டது. பெயர் எத்தனை விதமாக அச்சானாலும் எண் ஒன்றுதான். பழைய பெயர் வடிவங்கள் அனைத்தையும் அங்கே மாற்றுப் பெயர்களாகச் சேர்த்துவிடுங்கள். கட்டுரைகளை டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர இணைய அடையாளம்) கொண்டு சேர்க்கலாம். புதிய கட்டுரைகள் தாமாகவே வந்து சேரும்படி அனுமதியும் கொடுத்துவைக்கலாம். உச்சரிப்பில் இதுவும் ஏற்காட்டின் தேசிய ஆர்க்கிட் தோட்டத்தில் பூக்கும் செடியும் ஏறக்குறைய ஒன்றே. தாவரவியலாருக்கு அந்த ஒற்றுமை மிகவும் பிடித்துப்போயிற்று.

இரண்டாம் படி: ஊரும் நிறுவனமும்

பெயருக்கு அடுத்த குழப்பம் நம் ஊரின் பெயரால் வருவது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு சேலம் இருக்கிறது. ஓரிகன் மாநிலத்தின் தலைநகரும் சேலம்தான். அரபு நாடுகளில் அதே எழுத்துகளில் மனிதர்களின் பெயரும் உண்டு. நிறுவனக் கட்டத்தில் வெறுமனே ஊர்ப்பெயரைக் கொடுத்துத் தேடினால் எகிப்து ஆய்வாளர்கள் வந்து நிற்பார்கள். நாட்டின் பெயரைச் சேர்த்துத் தேடுங்கள். பல்கலைக்கழக வளாகக் கட்டுரைகளுக்கு 636011 என்ற அஞ்சல் குறியீடும் உதவும்.

பெரியார் பல்கலைக்கழகம் 1997-ல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன் இந்தப் பகுதிக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. மூத்த ஆசிரியர்களின் பழைய கட்டுரைகளில் நிறுவனத்தின் பெயர் சென்னைப் பல்கலைக்கழகம் என்றே இருக்கக்கூடும். தஞ்சையிலும் பெரியார் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருப்பதால் அதுவும் இதுவும் கலந்துவிடுவதுண்டு. மலையைப் பற்றிய ஆய்வுகளைத் தேடுவோர் ஷெவராய், ஷெவ்ராய், சேர்வராயன் என்ற எல்லா எழுத்துக்கூட்டல்களையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்தக் கிணற்றில் எடுத்த தண்ணீர்?

ஒரே கட்டுரைக்கு நான்கு இடங்களில் நான்கு எண்கள் கிடைக்கும். அவற்றில் எதுவும் பொய் கிடையாது. ஒவ்வொரு தரவுத்தளமும் தான் சேகரித்து வைத்திருக்கும் ஆவணங்களுக்குள் மட்டுமே எண்ணுகிறது.

வெப் ஆஃப் சயன்ஸின் வேர், யூஜின் கார்ஃபீல்ட் 1964-ல் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணையில் இருக்கிறது. தேர்ந்தெடுத்த இதழ்கள் மட்டுமே அதில் இடம்பெறும். ஸ்கோபஸை எல்ஸ்வியர் பதிப்பகம் 2004-ல் தொடங்கியது. அதன் வலை கொஞ்சம் அகலம். அதே ஆண்டில் வந்த கூகுள் ஸ்காலர், ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் இடும் வடிவம்), கருத்தரங்க மலர், சில நேரங்களில் வகுப்புக் குறிப்பு என்று இணையத்தில் அகப்பட்டதையெல்லாம் எண்ணிவிடும். அதனால் அங்கே எண் பெரும்பாலும் பெரிதாகத் தெரியும். 2022-ல் வந்த ஓப்பன்அலெக்ஸின் தரவு இலவசம். சந்தா கட்ட முடியாத கல்லூரிகளுக்கு இது பெரிய வரம்.

எதைப் பயன்படுத்துவது? படிவம் கேட்பதைக் கொடுங்கள். படிவம் ஒன்றும் சொல்லவில்லை என்றால் ஸ்கோபஸ் எண்ணை எழுதி, கூகுள் எண்ணைத் தனி வரியில் சேருங்கள். தேசியத் தரவரிசையான என்ஐஆர்எஃப் கட்டுரைக் கணக்கை ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ் இரண்டிலிருந்தும்தான் எடுக்கிறது என்பதால் நிறுவனங்களும் அவற்றையே விரும்புகின்றன. சந்தா இல்லாமலும் ஸ்கோபஸில் ஆசிரியர் பக்கத்தின் அடிப்படை விவரங்களைப் பார்க்கலாம்.

கூகுளின் மேற்கோள் எண்ணிக்கையையும் ஸ்கோபஸின் எச்-இன்டெக்ஸையும் ஒரே படிவத்தில் பெயர் குறிப்பிடாமல் எழுதுவது நான் அடிக்கடி காணும் தவறு. எண்ணுக்குப் பக்கத்தில் தரவுத்தளத்தின் பெயரும் எடுத்த தேதியும் இல்லையென்றால் அந்த எண்ணை யாராலும் சரிபார்க்க முடியாது.

நான்காம் படி: கையால் ஒரு பட்டியல்

இந்த வேலையைக் கணினி செய்துவிடும் என்று நம்பாதீர்கள். ஒரு விரிதாளைத் திறந்து ஒரு கட்டுரைக்கு ஒரு வரி எழுதுங்கள். தலைப்பு, ஆண்டு, இதழ், டிஓஐ எண், மொத்த ஆசிரியர்கள், அவர்களில் உங்கள் இடம், மூல ஆய்வா மீளாய்வா (பிறர் ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கட்டுரையா), எந்த உட்துறை, ஸ்கோபஸ் மேற்கோள், கூகுள் மேற்கோள். இத்தனை நெடுவரிசைகள் போதும்.

ஒரே ஆய்வு கருத்தரங்கில் ஒருமுறையும் இதழில் ஒருமுறையும் வந்திருந்தால் இரண்டையும் அடுத்தடுத்த வரிகளில் வையுங்கள். முன்பதிப்பும் இறுதிப் பதிப்பும் ஒரே கட்டுரைதான். கூகுள் ஸ்காலரில் அவை தனித்தனியாக இருந்தால் இரண்டையும் குறியிட்டு இணைத்துவிடலாம். தலைப்பில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் அது புதிய கட்டுரையாக முளைத்து, மேற்கோள்களைப் பங்கு போட்டுக்கொள்ளும்.

அடுத்தவருடைய கட்டுரை உங்கள் பக்கத்தில் வந்து சேர்ந்திருந்தால் தயங்காமல் நீக்குங்கள். உங்களுடையவை என்று தான் ஊகிக்கும் கட்டுரைகளைக் கூகுள் ஸ்காலர் தானே சேர்க்கும். அமைப்பில் சென்று, தானாகச் சேர்க்காமல் மின்னஞ்சலில் கேட்கும்படி மாற்றிவைத்துவிடுங்கள். யாரோ ஒரு குமாரின் இதய நோய்க் கட்டுரை ஒரு வேதியியலாரின் பக்கத்தில் நூற்றுக்கணக்கான மேற்கோள்களோடு ஆண்டுக்கணக்கில் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். அவருக்கே தெரியாமல் நடந்தது அது. தெரிந்த பிறகும் விட்டுவைத்தால் அது பொய்க்கணக்கு.

ஸ்கோபஸில் உங்களுக்கு இரண்டு மூன்று ஆசிரியர் எண்கள் இருந்தால், ஒன்றாகச் சேர்க்கும்படி அங்கேயே விண்ணப்பிக்கலாம். தாளில் எழுதிவைத்த பெயர் வடிவங்கள் இப்போது கைகொடுக்கும். தாவரவியலார் இதைச் செய்து முடித்தபோது அவருடைய எச்-இன்டெக்ஸ் 6-லிருந்து 9 ஆயிற்று. புதிதாக ஒரு வரிகூட அவர் எழுதியிருக்கவில்லை.

ஐந்தாம் படி: எண்ணுவது

எச்-இன்டெக்ஸ் 2005-ல் இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த எளிய கணக்கு. பொத்தானை அழுத்தினால் கிடைத்துவிடும் என்றாலும் ஒருமுறை கையால் போட்டுப் பாருங்கள். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்குங்கள். ஒருவருடைய பன்னிரண்டு கட்டுரைகள் 41, 27, 19, 14, 9, 8, 7, 5, 3, 1, 0, 0 மேற்கோள்கள் பெற்றிருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஏழாவது கட்டுரைக்கு 7 மேற்கோள். எட்டாவதற்கு 5 மட்டுமே. குறைந்தது 7 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 7 இருக்கின்றன. ஆகவே எச் 7.

கூகுள் காட்டும் ஐ10 என்பது பத்தோ அதற்கு மேலோ மேற்கோள் பெற்ற கட்டுரைகளின் எண்ணிக்கை. இங்கே அது 4. 2006-ல் லியோ எக்கே சொன்ன ஜி-இன்டெக்ஸுக்கு மேற்கோள்களைக் கூட்டிக்கொண்டே வர வேண்டும். முதல் பதினொரு கட்டுரைகளின் கூட்டுத்தொகை 134. இது 11-ன் வர்க்கமான 121-ஐத் தாண்டுகிறது. பன்னிரண்டின் வர்க்கம் 144, அதைத் தொடவில்லை. ஆகவே ஜி 11.

இப்போது முதல் கட்டுரையின் மேற்கோளை 41-லிருந்து 400 ஆக மாற்றிப் பாருங்கள். எச் அதே 7-ல் நிற்கும். ஒருவருடைய தலைசிறந்த படைப்பை எச்-இன்டெக்ஸ் கண்டுகொள்வதில்லை. அது எழுதிய கட்டுரைகளின் எண்ணிக்கையைத் தாண்டவும் முடியாது. ஆகவே இளையவர்களுக்கு எப்போதும் சிறிதாகவே இருக்கும். ஆய்வுக்கு வந்து ஐந்தாண்டு ஆனவரையும் இருபத்தைந்தாண்டு ஆனவரையும் ஒப்பிட வேண்டிவந்தால், முதல் கட்டுரை வந்த ஆண்டிலிருந்து கழிந்த ஆண்டுகளால் எச்-ஐ வகுத்துக்கொள்ளும்படி ஹிர்ஷே வழி சொல்லியிருக்கிறார்.

ஆறாம் படி: துறையின் தரை

இந்தப் படிக்காகத்தான் மற்றவை எல்லாம்.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். சேலத்தில் எத்தனை மாடிக் கட்டடம் கட்டினாலும், கடல் மட்டத்திலிருந்து அளந்தால், ஏற்காட்டின் காப்பித் தோட்டத்தில் உள்ள ஓட்டு வீடே உயரம். இதை வைத்து ஓட்டு வீட்டைக் கட்டிய கொத்தனார் பெரிய திறமைசாலி என்று யாரும் சொல்ல மாட்டோம். கட்டடத்தை அது நிற்கும் தரையிலிருந்து அளப்போம். மேற்கோள் எண்ணை மட்டும் ஏன் கடல் மட்டத்திலிருந்து அளக்கிறோம்?

துறைக்குத் துறை தரை ஏன் மாறுகிறது? ஒரு கணிதக் கட்டுரையின் இறுதியில் இருக்கும் மேற்கோள் பட்டியல் பெரும்பாலும் சிறியது. உயிர்மருத்துவத்திலும் பொருளறிவியலிலும் அது பல மடங்கு நீளம். நீண்ட பட்டியல்கள் புழங்கும் துறையில் எல்லோருக்கும் மேற்கோள் அதிகம் விழும். வேகமும் வேறு: நானோ பொருள்களில் வந்த கட்டுரை இரண்டு மூன்று ஆண்டுகளில் உச்சம் தொட்டுவிடும், கணிதத்திலும் தாவர வகைப்பாட்டியலிலும் பல ஆண்டு கழித்தும் மேற்கோள் வந்துகொண்டிருக்கும். ஒரு கட்டுரையில் எட்டுப் பேர் பெயர் போடும் துறையில் ஒருவர் ஆண்டுக்கு ஆறு கட்டுரைகளில் இடம்பெறலாம். தனியாக எழுதும் கணித ஆசிரியைக்கு அது முடியாது.

ஆகவே ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோளையும், அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வந்த கட்டுரைகளின் சராசரி மேற்கோளால் வகுக்க வேண்டும். விடை 1 என்றால் துறைச் சராசரி. 2 என்றால் அதைப்போல் இரு மடங்கு. ஸ்கோபஸில் கட்டுரையின் பக்கத்திலேயே துறை எடையிட்ட மேற்கோள் தாக்கம் என்ற பொருளில் இந்த எண் கிடைக்கும். ஓப்பன்அலெக்ஸும் தருகிறது.

கணக்கைப் புரிந்துகொள்ள நானே வைத்துக்கொண்ட எண்கள் இவை. வேதியியலாரின் கட்டுரை ஒன்றுக்கு 40 மேற்கோள். அவர் துறையில் அந்த ஆண்டுச் சராசரி 32. வகுத்தால் 1.25. கணித ஆசிரியையின் கட்டுரைக்கு 9 மேற்கோள். துறைச் சராசரி 4.5. வகுத்தால் 2. கடல் மட்டத்திலிருந்து பார்த்தால் 40-க்கு முன் 9 குள்ளம். தரையிலிருந்து பார்த்தால் வரிசையே தலைகீழாகிறது.

தாவரவியலாரின் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. அவருடைய கட்டுரை 6 மேற்கோள் பெற்றது. வகைப்பாட்டியல் கட்டுரைகளின் சராசரி 3 என்றால் விடை 2. ஆனால் தரவுத்தளம் அந்தக் கட்டுரையைப் பொதுவாகத் “தாவர அறிவியல்” என்ற பெரிய கூடைக்குள் போட்டிருக்கலாம். அங்கே மரபணு ஆய்வுகளும் சேர்ந்து சராசரி 15 ஆகிவிட்டால் விடை 0.4. ஒரே கட்டுரை, ஒரே 6 மேற்கோள். கூடை மாறியதால் இரு மடங்குச் சிறப்பு பாதிக்கும் கீழே போய்விட்டது. அதனால்தான் பட்டியலில் உட்துறைக்கு ஒரு நெடுவரிசை வைக்கச் சொன்னேன். கணினி கொடுத்த கூடை பொருந்தவில்லை என்றால் அதை எழுத்தில் சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

சந்தா எதுவும் இல்லாதவர்களுக்குக் கையால் செய்யும் வழி ஒன்று. ஓப்பன்அலெக்ஸில் உங்கள் கட்டுரையின் உட்துறை, வெளியான ஆண்டு, கட்டுரை வகை மூன்றையும் கொடுத்து வடிகட்டுங்கள். மேற்கோள் வரிசையில் அடுக்குங்கள். உங்கள் கட்டுரை எத்தனையாவது இடத்தில் நிற்கிறது? 400 கட்டுரைகளில் 38-ஆவது என்றால் நீங்கள் முதல் பத்து சதவீதத்துக்குள் இருக்கிறீர்கள். இந்த இடக் கணக்கையே நான் சராசரியைவிட அதிகம் நம்புகிறேன். மேற்கோள்கள் ஒருபோதும் சமமாகப் பரவுவதில்லை. ஒரு சில கட்டுரைகள் மிகப் பெரும்பங்கை அள்ளிக்கொள்ளும், எஞ்சியவற்றுக்குச் சில்லறையே கிடைக்கும். அந்த ஒன்றிரண்டு கட்டுரைகள் சராசரியை இழுத்துவிடும். இடக் கணக்கை அவ்வளவாக அசைக்க முடியாது.

வெளியாகி இரண்டு ஆண்டுகூட ஆகாத கட்டுரைகளை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். மீளாய்வுக் கட்டுரைகளை மீளாய்வுகளோடு மட்டும் ஒப்பிடுங்கள். அவற்றுக்கு இயல்பாகவே மேற்கோள் கூடுதல்.

ஏழாம் படி: இதழின் எண்ணைக் கட்டுரைக்கு ஒட்டாதீர்கள்

இம்பாக்ட் ஃபேக்டர் என்பது இதழுக்கு உரியது. ஓர் இதழில் 2021, 2022 ஆண்டுகளில் வந்த படைப்புகளுக்கு 2023-ல் கிடைத்த மேற்கோள்களை, அந்த ஈராண்டுக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்தால் 2023-க்கான எண் கிடைக்கும். அந்த இதழில் வந்த ஒரு தனிக் கட்டுரையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. உங்கள் கட்டுரைகளின் இம்பாக்ட் ஃபேக்டர்களைக் கூட்டி “மொத்தம் 86.4” என்று எழுதும் வழக்கத்தை தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒரு தெருவில் உள்ள வீடுகளின் சராசரி வாடகையை உங்கள் சம்பளம் என்று சொல்வதைப் போன்றது அது. 2012 டிசம்பரில் சான்ஃபிரான்சிஸ்கோவில் கூடிய ஆய்விதழ் ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் இதை எதிர்த்தே ஒரு பிரகடனம் எழுதினார்கள். ஆய்வை எண்களால் மதிப்பிடுவது பற்றி 2015-ல் வந்த லைடன் அறிக்கையின் பத்து நெறிகளும் இதே வழியில்தான் பேசுகின்றன.

கட்டணம் வாங்கிக்கொண்டு இதழ்களுக்கு ஏதோ ஒரு “ஃபேக்டர்” வழங்கும் நிறுவனங்கள் ஏராளம். உண்மையான இம்பாக்ட் ஃபேக்டர், வெப் ஆஃப் சயன்ஸை நடத்தும் கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் அறிக்கையில் மட்டுமே இருக்கும். பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில் தன் இதழ்ப் பட்டியலைக் கைவிடுவதாக அறிவித்ததால், நல்ல இதழைத் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு இப்போது நிறுவனங்களுக்கும் நமக்கும் வந்திருக்கிறது.

கணக்கில் விழாதவை

ஏற்காட்டில் ஹோலி டிரினிட்டி தேவாலயத்துக்குப் போனால் ராபர்ட் புரூஸ் ஃபூட்டை நினைக்காமல் இருக்க முடிவதில்லை. 1863-ல் பல்லாவரத்தில் பழங்கற்கால கைக்கோடரியைக் கண்டெடுத்தவர். சேலம், திருச்சிப் பகுதிகளின் நிலவியலை வில்லியம் கிங்கோடு சேர்ந்து எழுதியவர். ஓய்வுக்குப் பின் ஏற்காட்டில் குடியேறியவர். அவரும் கிங்கும் அதே 1863-ல் கண்டறிந்த அத்திரம்பாக்கத்தின் கற்கருவிகள் 15 லட்சம் ஆண்டுகள் பழமையானவை என்ற ஆய்வு 2011-ல்தான் சயன்ஸ் இதழில் வெளிவந்தது. கண்டுபிடிப்புக்கும் அந்த விடைக்கும் இடையே 148 ஆண்டுகள். இரண்டு ஆண்டுச் சாளரம் வைத்து அளக்கும் எந்த எண்ணிலும் அந்த மனிதரின் உழைப்பு தெரிந்திருக்காது.

தாவரவியலாருக்கு இதே குறை வேறு வடிவில் வருகிறது. ஒரு செடிக்கு முதன்முதலில் பெயரிட்டு விவரித்தவரின் பெயர், அந்தச் செடியின் அறிவியல் பெயருக்குப் பின்னால் உலகெங்கும் எழுதப்படும். ஆனால் அந்த மூலக் கட்டுரையைப் பின்பட்டியலில் அநேகமாக யாரும் சேர்ப்பதில்லை. பெயர் ஆயிரம் முறை அச்சாகும். மேற்கோள் கணக்கில் ஒன்றுகூட ஏறாது. திருச்சி ராபினட் ஹெர்பேரியத்தின் (உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகம்) கே. எம். மாத்யூ 1980-களில் வெளியிட்ட தாவரத் தொகுப்பு சேர்வராயன் மலையையும் உள்ளடக்கியது. இங்கே செடி தேடுவோர் அனைவரும் அதைப் புரட்டித்தான் ஆக வேண்டும். நூல் என்பதால் கட்டுரைகளை மட்டும் எண்ணும் கணக்கில் அதற்கு இடமில்லை.

தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் ஆகியவற்றில் ஆய்வு செய்வோருக்கு எச்-இன்டெக்ஸ் கேட்பதே தவறு என்பது என் உறுதியான எண்ணம். அவர்கள் நூல்களாக எழுதுகிறார்கள்; தமிழில் எழுதுகிறார்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அச்சான கருத்தரங்க மலர்களின் பிடிஎஃப் கோப்புகளைத் தேடுபொறியால் படிக்கவே முடியாது. உங்கள் பழைய கட்டுரைகள் அப்படி இருந்தால், தலைப்பையும் சுருக்கத்தையுமாவது யூனிகோடில் தட்டச்சு செய்து நிறுவனக் களஞ்சியத்தில் (கல்லூரியின் இணையக் கட்டுரைச் சேமிப்பில்) ஏற்றிவிடுங்கள். நூலகரைக் கேளுங்கள், செய்து தருவார். நூலக வேலையில் எண்ணிக்கை முறைகளைக் கொண்டுவர 1948-லேயே ஒரு தனித் துறையை முன்மொழிந்து அதற்குப் பெயரும் சூட்டியவர், சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன். இந்த வேலை எங்கள் வேலை.

எட்டாம் படி: தன் மேற்கோளும் இரண்டு சதவீதமும்

முந்தைய ஆய்வின் தொடர்ச்சியாக எழுதும்போது நம் கட்டுரையை நாமே காட்டுவது இயல்பு. அளவு மிஞ்சினால் அது தெரிந்துவிடும். ஸ்கோபஸில் தன் மேற்கோள்களை நீக்கிவிட்டும் எச்-இன்டெக்ஸைப் பார்க்கலாம். இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கொருவர் மேற்கோள் கொடுத்துக்கொள்ளும் கூட்டணியில் யாராவது உங்களை அழைத்தால் மறுத்துவிடுங்கள். தடயம் எல்லாத் தரவுத்தளங்களிலும் நிரந்தரமாக இருக்கும்.

ஆண்டுதோறும் செய்தித்தாள்களில் “உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானிகள்” என்று வரும் பட்டியல், ஸ்டான்ஃபோர்டின் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவிலிருந்து உருவாக்குவது. அது விருது கிடையாது. துறைகளை 22 பெரும்பிரிவுகளாகவும் 174 உட்பிரிவுகளாகவும் பிரித்து, ஆறு அளவைகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண் தருகிறார்கள். தனியாக எழுதியவை, முதல் ஆசிரியராக, கடைசி ஆசிரியராக எழுதியவை என்று பார்ப்பது அதன் பலம். வாழ்நாள் பட்டியல், ஓராண்டுப் பட்டியல் என்று இரண்டு இருக்கின்றன. எதில் இடம்பெற்றீர்கள் என்பதை மறைக்காமல் எழுதுங்கள்.

கடைசிப் படி: எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பத்தி

படிவத்தில் கட்டம் சிறிதாக இருந்தாலும் இணைப்பாக ஒரு பக்கம் வைக்க யாரும் தடை சொல்வதில்லை. தாவரவியலாருக்காக நான் எழுதிக்கொடுத்த பத்தியின் வடிவம் இது. எண்களை மாற்றி நீங்களும் பயன்படுத்தலாம்.

“ஸ்கோபஸ் கணக்குப்படி, இணைப்பில் குறித்த தேதியில், 24 கட்டுரைகள், எச்-இன்டெக்ஸ் 9, தன் மேற்கோள் நீக்கினால் 8. முதல் கட்டுரை 2004. இவற்றில் 15 தாவர வகைப்பாட்டியல் கட்டுரைகள். அவற்றுள் 6, அதே ஆண்டில் அதே உட்துறையில் வந்தவற்றில் மேற்கோள் வரிசைப்படி முதல் 25 சதவீதத்துக்குள் இருக்கின்றன. 11 கட்டுரைகளில் முதல் ஆசிரியர். இந்த எண்ணிக்கையில் அடங்காதவை: ஒரு நூல், ஹெர்பேரியத்தில் சேர்த்த மாதிரிகள், தமிழில் எழுதிய 4 கட்டுரைகள். முழுப் பட்டியல் டிஓஐ எண்களோடு இணைக்கப்பட்டுள்ளது.”

இதோடு நான்காம் படியில் செய்த விரிதாளை இணையுங்கள். தரவுத்தளப் பக்கங்களை அன்றைய தேதி தெரியும்படி பிடிஎஃபாகச் சேமித்துக்கொள்ளுங்கள். எண்கள் வாரத்துக்கு வாரம் மாறும், ஆறு மாதம் கழித்து யாராவது கேட்டால் காட்ட வேண்டியிருக்கும். கையெழுத்துப் போடும் முன் வேறு துறையைச் சேர்ந்த நண்பர் ஒருவரிடம் பட்டியலைக் கொடுத்து, அவர் விருப்பப்படி ஏதேனும் ஐந்து வரிகளைத் தேர்ந்து சரிபார்க்கச் சொல்லுங்கள். ஒரு வரியில் பிழை வந்தாலும் மீதி எல்லா வரிகளையும் திரும்பப் பாருங்கள்.